பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கான வாழ்க்கைத்தர வினாநிரல்களின் ஏற்புடைமை: தமிழ்ச் சொல்வழக்கு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நோயாளியின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாநிரல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது அதன் ஏற்புடைமையைப் புதிதாக நிறுவவேண்டியுள்ளது. இதற்குப் பயன்படும் மீள்மொழிபெயர்ப்பும் புள்ளியியல் சோதனைகளும் சொல்வழக்கில் நேரும் பிழைகளுள் ஒரு பகுதியையே கண்டுகொள்கின்றன. சில பிழைகளை நிறைகளாகவும் காட்டிவிடுகின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கான வினாநிரல்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏற்புடைமை, நம்பகம், மீள்மொழிபெயர்ப்பு, இடக்கரடக்கல், இரட்டை வழக்கு

சொல்லால் ஆன அளவுகோல்

மலக்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட ஒருவரின் உடலில் கட்டி எஞ்சியுள்ளதா என்பதை ஊடுகதிர்ப் படமும் ஆய்வகமும் சொல்லிவிடும். அவர் இரவில் எத்தனை முறை எழுகிறார், பேருந்தில் ஏற அஞ்சுகிறாரா, வயிற்றில் பொருத்திய பையைத் தாமே மாற்றிக்கொள்கிறாரா, வீட்டாரோடு உட்கார்ந்து உண்கிறாரா என்பவற்றை அவரே சொல்லவேண்டும். அவ்வாறு சொல்லவைத்து, சொன்னதை எண்ணாக்கும் கருவியே வாழ்க்கைத்தர வினாநிரல். வெப்பமானியில் பாதரசம் செய்யும் வேலையை இங்கே சொல் செய்கிறது. இரண்டு அறுவை முறைகளுள் எதனால் நோயாளி குறைவாகத் துன்புறுகிறார் என்னும் மருத்துவ முடிவு இந்த எண்களையும் சார்ந்து எடுக்கப்படுவதால், வினாவில் உள்ள ஒரு சொல் பிறழ்ந்தால் அம்முடிவும் பிறழ இடமுண்டு.

இத்துறையின் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'வாழ்க்கைத்தரம்' என்றவுடன் தமிழ் பேசும் ஒருவர் மனத்தில் எழுவது வருவாய், வீடு, வசதி ஆகியவையே. நாளிதழ்களும் பொருளியல் பாடநூல்களும் அச்சொல்லை அப்பொருளிலேயே நிலைநிறுத்தியுள்ளன. 'ஒட்டுமொத்தமாக உங்கள் வாழ்க்கைத்தரத்தை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்' என்று கேட்டால், கடனில் இருக்கும் உழவர் ஒருவர் தம் குடலைப் பற்றி எண்ணாமல் கடனைப் பற்றி எண்ணி விடையளிக்கலாம். அவ்விடை பொய்யன்று; கேட்கப்பட்ட வினாவிற்கு உரியதன்று. துறைப்பெயராக நிலைத்துவிட்டதால் இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது.

கருவிகள்

இ.ஓ.ஆர்.டி.சி. எனச் சுருக்கமாக வழங்கும் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு சிகிச்சை அமைப்பு 1962இல் தோன்றியது. அதன் பொது வினாநிரலான கியூ.எல்.கியூ.-சி30 பற்றிய அடிப்படைக் கட்டுரை 1993இல் வெளிவந்தது. 13 நாடுகளைச் சேர்ந்த 305 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அது அப்போது சோதிக்கப்பட்டது. எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான 30 வினாக்கள் அதில் உள்ளன. உடல், பணி, உணர்வு, அறிதிறன், சமூகம் ஆகிய ஐந்து செயற்பாடுகளும், களைப்பு, வலி, குமட்டல் முதலிய அறிகுறிகளும், நோயால் நேரும் பணநெருக்கடியும் அதனுள் அடங்கும். இவ்வினாநிரல் தமிழிலும் கிடைக்கிறது.

நுரையீரல் புற்றுக்குப் போதுமான வினாக்கள் குடற்புற்றுக்குப் போதா. மலம் கழித்தல், சிறுநீர், வயிற்றில் திறக்கப்பட்ட மலவழி, பாலுறவு, தன் உடலைத் தானே காணும் கூச்சம் ஆகியவை தனியே கேட்கப்பட வேண்டும். இதற்கென 38 வினாக்கள் கொண்ட இணைப்பு நிரல் 1999இல் வெளியிடப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டு, சி.ஆர்.29 என்னும் பெயரில் 29 வினாக்களாகச் சுருங்கியது. அதன் ஏற்புடைமையாய்வு 2009இல் வெளிவந்தது. மலப்பை பொருத்தியவர்க்கும் பொருத்தாதவர்க்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சில வினாக்கள் அதில் பிரித்து அமைக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் எழுந்த ஃபேக்ட்-சி, டென்மார்க்கில் 2012இல் உருவான ஐந்து வினாக்களே கொண்ட லார்சு மதிப்பெண் ஆகியவையும் இத்துறையில் பரவலாக வழங்குகின்றன.

ஒரு தெளிவு இங்கே தேவை. புழக்கத்தில் உள்ள எந்தத் தமிழ் வடிவத்தின் சொற்களையும் இக்கட்டுரை மதிப்பிடவில்லை. மொழிபெயர்ப்பாளர் கைக்கு முதலில் எட்டக்கூடிய சொற்களை எடுத்துக்கொண்டு, சோதனைமுறைகள் அவற்றை எவ்வாறு கையாளும் என்று பார்ப்பதே இதன் நோக்கம்.

சோதனைமுறைகள் எதைப் பார்க்கின்றன?

இ.ஓ.ஆர்.டி.சி. வகுத்த நெறிப்படி இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டும் ஒப்பிடப்பட்டு ஒரு வடிவமாக்கப்படும். மூலத்தைக் காணாத வேறு இருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவர். அவ்வாறு மீண்டது மூலத்தோடு பொருந்தினால் வரைவு ஏற்கப்பெற்று, 10 முதல் 15 வரையிலான நோயாளிகளிடம் காட்டப்படும். ஒவ்வொரு வினாவும் கடினமாக இருந்ததா, குழப்பியதா, மனத்தைப் புண்படுத்தியதா, நீங்களாயின் எப்படிக் கேட்பீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்படும். அதன்பின் பெருந்தொகையான நோயாளிகளின் விடைகள் புள்ளியியல் சோதனைக்குச் செல்லும். ஒரே கூற்றை அளக்கும் வினாக்கள் தம்முள் ஒத்துச் செல்கின்றனவா என்பதைக் குரோன்பாக்கின் ஆல்ஃபா காட்டும், 0.70 என்பது வழக்கமான தாழ்வெல்லை. ஒவ்வொரு வினாவும் தனக்குரிய கூற்றோடு குறைந்தது 0.40 ஒட்டுறவு கொண்டுள்ளதா என்பதும், பிற கூறுகளோடு அதைவிடக் குறைவாக ஒட்டுகிறதா என்பதும் பார்க்கப்படும். நோய் முற்றியவரையும் முற்றாதவரையும், மலப்பை உள்ளவரையும் இல்லாதவரையும் எண்கள் பிரித்துக்காட்டுகின்றனவா என்பது மற்றொரு சோதனை. நிலைமை மாறாத நோயாளியிடம் சில நாள் கழித்து மீண்டும் கேட்டு, விடை நிலைக்கிறதா என்றும் காண்பர்.

இவற்றுள் ஆல்ஃபாவின் இயல்பு மொழியாய்வாளர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இரண்டு வினாக்கள் ஏறத்தாழ ஒரே வினாவாகிவிட்டால் ஆல்ஃபா உயரும். சி30 நிரலின் களைப்புக் கூற்றில் மூன்று வினாக்கள் உள்ளன. ஓய்வு தேவைப்பட்டதா என்பது ஒன்று, உடல் வலுவிழந்ததாக உணர்ந்தது ஒன்று, களைத்திருந்தது ஒன்று. பின்னிரண்டையும் 'சோர்வு' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் நோயாளி இரண்டிற்கும் ஒரே விடையைத் தருவார், எண் 0.70ஐத் தாண்டி நன்றாகவே நிற்கும். 'பலவீனம்', 'அசதி', 'களைப்பு' என வேறுபடுத்தத் தமிழில் சொற்கள் இருந்தும் வேறுபாட்டை அழித்த மொழிபெயர்ப்பு, சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெறுகிறது. ஆய்வேடுகளில் ஆல்ஃபா உயர்ந்திருப்பதை மட்டும் காட்டி, மொழிபெயர்ப்புச் சிறந்ததென முடிவுசெய்யும் போக்கினை இதனால் ஏற்க இயலவில்லை.

சொற்கள் பிறழும் இடங்கள்

மீள்மொழிபெயர்ப்பின் எல்லையைக் காட்ட 'சளி' ஒன்றே போதும். மலத்தில் கோழை போன்ற பொருள் காணப்பட்டதா என்பது சி.ஆர்.29 நிரலின் வினாக்களுள் ஒன்று. அகராதியைப் பார்ப்பவர் 'சளி' என்று எழுதுவார். மீண்டும் ஆங்கிலமாக்குபவர் பிழையின்றி மூலச்சொல்லுக்கே திரும்பிவிடுவார். ஆனால் தமிழ் வழக்கில் சளி நெஞ்சிலும் மூக்கிலும் இருப்பது. 'மலத்தில் சளி இருந்ததா' என்று கேட்டால், வினாவைக் கேட்ட நோயாளி தமக்குச் சளி பிடித்திருந்ததைச் சொல்லவும் கூடும். இப்பொருளுக்கு மக்களிடம் ஏற்கெனவே 'சீதம்' என்னும் சொல் உண்டு. சீதபேதி என்னும் நோய்ப்பெயரில் அது உயிரோடு உள்ளது. ஆங்கிலத்திலிருந்து தொடங்குபவர்க்கு எளிதில் கிட்டாத சொல், நாட்டு மருத்துவத்தை அறிந்த முதியவர்க்கு உடனே கிட்டுகிறது.

'எரிச்சல்' இதற்கு மறுதலையானது. சி30 நிரலின் உணர்வுக் கூற்றில் பதற்றம், கவலை, சிடுசிடுப்பு, மனத்தளர்வு ஆகிய நான்கும் கேட்கப்படுகின்றன. மூன்றாவதை 'எரிச்சலாக உணர்ந்தீர்களா' என்று பெயர்ப்பது இலக்கணப்படி சரி. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்ற மலக்குடல் நோயாளிக்கு எரிச்சல் என்பது முதலில் உடலின் எரிச்சலே. சிறுநீர் கழிக்கையிலும் மலம் கழிக்கையிலும் அவர் அன்றாடம் அறிவது. அவர் 'மிக அதிகம்' என்று குறித்தால், உடல்துன்பம் மனத்துன்பமாகக் கணக்கில் ஏறும். 'சட்டென்று கோபம் வந்ததா', 'சிடுசிடுப்பாக இருந்தீர்களா' என்பன இம்மயக்கத்தைத் தரமாட்டா.

'வாயு' இன்னும் விரிந்தது. தன்னையறியாமல் காற்றுப் பிரிவதைக் குறித்துச் சி.ஆர்.29 நிரலும் லார்சு மதிப்பெண்ணும் கேட்கின்றன. தமிழில் 'வாயுத் தொல்லை' வயிற்று உப்புசத்தைக் குறிக்கும். 'வாயுப்பிடிப்பு' முதுகையோ தோளையோ குறிக்கும். நேர்ச்சொல்லோ அவையில் சொல்லத்தகாதது. 'காற்றுப் பிரிதல்' என்பதே இரண்டிற்கும் இடையில் நிற்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

இவ்விடத்தில்தான் நம் இலக்கண மரபு துணைவருகிறது. அவையல் கிளவியை மறைத்துக் கூறும் மரபினைத் தொல்காப்பிய எச்சவியல் குறிக்கிறது. நன்னூல் தகுதிவழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. குடற்புற்று வினாநிரலில் இம்மூன்றும் வந்து நிற்கின்றன என்பது மிகையன்று. மலம் பற்றிய வினாக்கள் அனைத்தும் இடக்கரடக்கலின் எல்லைக்குள் வருவன. வீட்டார் 'புற்று' என்னும் சொல்லை மறைத்துக் 'கட்டி' என்று மட்டும் சொல்லி அழைத்துவந்த நோயாளியின் முன் வினாவின் சொல் மங்கலம் காக்கவேண்டும்; மூல வினாக்களும் நோய், சிகிச்சை என்றே பொதுவாகச் சுட்டுகின்றன. 'ஸ்டோமா' என்பது மருத்துவமனைக்குள் குழூஉக்குறி. நோயாளியின் பேச்சில் அது வெறும் 'பை'.

இடக்கரடக்கல் வினாநிரலுக்கு நன்மையும் செய்கிறது, தீமையும் செய்கிறது. 'கால் கழுவி வந்தேன்' என்னும் வழக்கமான எடுத்துக்காட்டில் செயல் மறைந்து, அதன்பின் நிகழ்வது மட்டும் சொல்லப்படுகிறது. கேட்போர்க்குக் குறிப்பு விளங்கிவிடுகிறது. ஆனால் அளவு விளங்குவதில்லை. 'வெளிக்குப் போனீர்களா' என்பது கண்ணியமானது. அது ஓர் எண்ணத்தக்க செயலைக் குறிப்பதால், எத்தனை முறை என்று கேட்க ஏற்றது. தன்னையறியாமல் கசிந்ததா என்று கேட்க அது உதவாது. போதல் என்னும் வினை நோயாளியின் விருப்பத்தை உள்ளடக்கியது, கசிவோ விருப்பத்திற்கு அப்பாற்பட்டது. எனவே ஒரே நிரலுக்குள் ஓரிடத்தில் மறைமொழியும் ஓரிடத்தில் நேர்மொழியும் வேண்டும். எவ்விடத்தில் எது என்பதை மருத்துவர் மட்டும் முடிவுசெய்யலாகாது.

'ஆண்மை' என்னும் சொல்லே இவற்றுள் மிகக் கடினமானது. நோயால் தம் ஆண்தன்மை அல்லது பெண்தன்மை குறைந்ததாக உணர்ந்தாரா என்பது உடல்தோற்றக் கூற்றின் வினா. வேளாண்மை, தாளாண்மை, பேராண்மை ஆகிய சொற்களில் 'ஆண்மை' ஆளும் தன்மையாக நிற்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். இன்றைய பொதுவழக்கிலோ, சுவரொட்டிகளும் விளம்பரங்களும் 'ஆண்மைக்குறைவு' என்பதை ஒரே பொருளில் அடைத்துவிட்டன. இடுப்பு நரம்புகள் பாதிக்கப்படக்கூடிய மலக்குடல் அறுவைக்குப் பின் அவ்வினாவைப் படிக்கும் ஆண், விறைப்புக் குறைபாட்டைப் பற்றியே கேட்கப்படுவதாக எண்ணுவார். அக்குறைபாட்டிற்கு நிரலில் வேறு வினா உண்டு. இருவேறு வினாக்கள் ஆண்களிடம் மட்டும் ஒன்றாகிவிடுகின்றன, பெண்களிடம் ஆகவில்லை. ஆண், பெண் விடைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் இப்பிறழ்வு சராசரியில் மறைந்துபோகும். மீள்மொழிபெயர்ப்போ எந்த ஐயமும் எழுப்பாது. அடுத்துள்ள 'கவர்ச்சி குறைந்ததாக' என்னும் தொடருக்கும் திரைப்பட வழக்கு ஏற்றிய நிறம் உண்டு. அறுபது வயதுப் பெண்ணிடம் 'கவர்ச்சி' பற்றிக் கேட்பதைவிடப் 'பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றியதா' என்று கேட்பது பொருளையும் காக்கும், அவரையும் காக்கும்.

பாலுறவு வினாக்கள் பல மொழிகளிலும் விடையின்றி விடப்படுபவை. 'தாம்பத்தியம்' என்று பெயர்த்தால் கைம்பெண்ணும் மணமாகாதவரும் வினாவிற்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் விட்ட வெற்றிடம் கூச்சத்தால் நேர்ந்ததா, தமக்குரியதன்று எனக் கருதியதால் நேர்ந்ததா என்பதைப் புள்ளிவிவரம் பிரித்தறியாது.

உடலுழைப்புப் பற்றிய வினாவில் பொருள்கள் மாறுவதும் கருதத்தக்கது. கனமான பையோ பெட்டியோ தூக்குவதை மூலம் எடுத்துக்காட்டுகிறது. அதனை நம் ஊர்க்கு ஏற்பத் தண்ணீர்க் குடமாக்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் 12 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 12 கிலோவுக்குக் குறையாது. பல வீடுகளில் அதனைச் சுமப்பவரும் பெண்களே.

ஒரு வேற்றுமையும் ஒரு படியும்

சொற்பொருள் மட்டுமன்றி உருபும் எண்ணை மாற்றும். மூலத்தின் பெரும்பாலான வினாக்கள் விடையளிக்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாள்களைக் குறிக்கின்றன. 'கடந்த வாரம்' என்று எழுதினால் தமிழில் அது முடிந்துபோன நாட்காட்டி வாரம். 'கடந்த ஒரு வாரத்தில்' அல்லது 'கடந்த ஏழு நாள்களில்' என்றால்தான் இன்று வரையிலான நாள்கள் அடங்கும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறையோ மூன்று வாரத்திற்கு ஒருமுறையோ வேதிச்சிகிச்சை பெறுவோர்க்கு மருந்து ஏறிய வாரமும் அடுத்த வாரமும் ஒன்றல்ல. குமட்டல் அடங்கிய வாரத்தில் கேட்டு, குமட்டிய வாரத்திற்கான விடையைப் பெற இவ்வுருபு வழிவகுத்துவிடும்.

விடைப்படிகள் நான்கு. இல்லவே இல்லை என்பதும் மிக அதிகம் என்பதும் தெளிவானவை. நடுவில் உள்ள இரண்டை 'சிறிதளவு', 'ஓரளவு' என்று பெயர்த்தால் எது கூடுதல் என்பதில் படித்தோரும் தயங்குவர். பேச்சில் 'கொஞ்சம்' பணிவுச்சொல்லும் ஆகும். 'கொஞ்சம் வாங்க' என்பதில் அளவு ஏதுமில்லை. 'கொஞ்சம் வலி இருக்கு' என்னும் முதியவர் எவ்வளவு வலியைச் சொல்கிறார் என்பதும் அச்சொல்லால் மட்டும் தெரியாது. நான்கு படிகளும் 0, 33.3, 66.7, 100 என மாற்றப்படுவதால், தனிவினாவில் ஒரு படி தவறினால் 33.3 புள்ளிகள் நகரும். மூவரில் ஒருவர் ஒரே திசையில் ஒரு படி தவறினாலும் குழுவின் சராசரி 11 புள்ளிகள் மாறும். ஒசோபாவும் பிறரும் 1998இல் தந்த விளக்கத்தின்படி 10 முதல் 20 வரையிலான வேறுபாடு நடுத்தர மாற்றமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு புதிய மருந்தின் பயன் என்று கருதத்தக்க அளவினை ஓர் அளவைச்சொல்லின் மயக்கமே உண்டாக்கிவிட முடியும். 'கொஞ்சம்', 'கொஞ்சம் அதிகமாக' என ஒரே சொல்லை வளர்த்துச்செல்லும் வரிசை இம்மயக்கத்தைக் குறைக்கும் என்பது என் கருத்து. அதுவும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட வேண்டியதே.

வாய்மொழியாகும் வினா

ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு தமிழுக்கு நன்கு பொருந்துவது. அச்சிட்ட வினாநிரல் எழுத்துத்தமிழில் உள்ளது. படிக்க இயலாதவர்க்கும், கண்பார்வை குறைந்தவர்க்கும், சிகிச்சையால் களைத்தவர்க்கும் செவிலியரோ ஆய்வு உதவியாளரோ அதனைப் படித்துக்காட்டுவர். அச்சில் உள்ளவாறே எவரும் படிப்பதில்லை. 'மலச்சிக்கல் ஏற்பட்டதா' என்பது அவர் வாயில் 'சரியா வெளிக்குப் போகுதாம்மா?' என்றாகிவிடும். நோய் உள்ளதா என்று கேட்ட வினா, நலம் உள்ளதா என்று கேட்கும் வினாவாகத் தலைகீழானதை அவரும் உணரார். ஏற்புடைமை நிறுவப்பட்டது ஒரு பனுவலுக்கு. நோயாளியின் காதில் விழுந்தது வேறொரு பனுவல். அருகில் நிற்கும் மகனோ மருமகளோ 'அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க' என்று முந்திக்கொண்டு விடைசொல்வது இதன்மேல் ஏறும் இன்னொரு அடுக்கு.

ஆகவே எழுத்துவடிவத்தோடு, படித்துக்காட்டுவதற்குரிய பேச்சுவடிவமும் ஒன்று வரையறுக்கப்பட்டு, அதுவும் தனியே ஏற்புடைமையாய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். அப்பேச்சுவடிவம் எந்த வட்டாரத்தினது என்னும் கேள்வி உடனே எழும். தமிழகத்தில் 'வயிற்றுப்போக்கு', 'பேதி' என்பது இலங்கையில் 'வயிற்றோட்டம்' ஆகிறது. சிறுநீரை அங்கே 'சலம்' என்பர். முப்பது வினாக்களுக்கும் வட்டாரந்தோறும் ஒரு வடிவம் என்பது இயலாதது. ஆனால் பிறழக்கூடிய பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மட்டும், படித்துக்காட்டுபவர் இன்ன மாற்றுச்சொற்களை ஆளலாம், இன்னவற்றை ஆளலாகாது என ஒரு பட்டியல் தருவது இயலும்.

உரிமை பெற்ற வினாநிரலின் சொல்லை எவரும் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. மாற்றத்தை அவ்வமைப்பின் மொழிபெயர்ப்புப் பிரிவே ஏற்கவேண்டும். அதற்குச் சான்று தேவை. 10 முதல் 15 வரையிலான நோயாளிகளிடம் நிகழும் முன்சோதனை நேர்காணலே அச்சான்று பிறக்கும் இடம். ஆனால் ஆய்வறிக்கைகளில் அது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்து, ஆல்ஃபாவின் அட்டவணைகளே பக்கங்களை நிரப்புகின்றன. நோயாளி எந்தச் சொல்லில் தயங்கினார், அதனை எச்சொல்லால் மாற்றிச் சொன்னார், அவர் ஊர் எது, வயது என்ன என்னும் குறிப்புகள் பதிவாக வேண்டும். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கப் பயின்ற தமிழ்த்துறை ஆய்வாளர் ஒருவர் அந்நேர்காணலில் உடனமர்வதற்கு மருத்துவமனையின் அறநெறிக் குழு ஒப்புதலும், நோயாளியின் இசைவும், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதுமானவை.